கொழுப்பை உறிஞ்சி எடுத்தால் உடம்பு இளைக்குமா?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் போகும் பேருந்தில் ஏறினால், கோட்டக்குப்பம் தாண்டிய சற்று நேரத்தில் பொம்மையார்பாளையம் வந்துவிடும். கிழக்கே கடல், மேற்கே ஆரோவில் மேடு. இன்னும் வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். படகு தள்ளுவதும் வலை இழுப்பதும் உப்பு வாருவதும் உடம்பை நம்பிச் செய்கிற வேலைகள். இப்படிப்பட்ட ஊர்களில் உடல் பருமன் ஒரு பிரச்சினையாகவே இருக்காது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கக் கூடும். அது பழைய கதை. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பத்தில் நான்கு பேர் அதிக எடை உள்ளவர்கள். ஆண்களின் நிலையும் ஏறக்குறைய அதுதான். வலை இழுத்த அப்பாவின் மகன் இன்று கணினி முன்பு பத்து மணி நேரம் உட்கார்கிறான். உடம்பு கணக்குத் தவறாமல் அதைக் காட்டிவிடுகிறது.

2024 ஏப்ரலில் இந்த வட்டாரத்தையே கலங்க வைத்த செய்தி ஒன்று வந்தது. புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர், எடை 150 கிலோவுக்கு மேல். எடையைக் குறைப்பதற்காகச் சென்னைப் புறநகரில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் ஏப்ரல் 22-ம் தேதி அறுவை சிகிச்சைக்குப் போனார். சிகிச்சை தொடங்கிய சிறிது நேரத்திலேயே அவர் நிலைமை மோசமானது. வேறொரு மருத்துவமனைக்கு மாற்றினார்கள். மறுநாள் இறந்துபோனார். பெற்றோர் புகார் கொடுக்க, தமிழக அரசு விசாரணைக் குழு அமைத்தது. மருத்துவமனையின் பதிவு தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது.

அந்தச் செய்தியைப் படித்த பலரும் "கொழுப்பை உறிஞ்சி எடுக்கப் போய் பையன் செத்துட்டான்" என்றுதான் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அவருக்குத் திட்டமிடப்பட்டது கொழுப்பை உறிஞ்சும் சிகிச்சை அல்ல. அது பேரியாட்ரிக் எனப்படும் வேறு வகை அறுவை சிகிச்சை. இரண்டும் ஒன்றுதான் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். இந்தக் குழப்பம் சாதாரண விஷயம் அல்ல. தனக்கு என்ன செய்யப் போகிறார்கள், அதனால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரியாமலே அறுவை மேஜையில் படுப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

மூன்றும் வேறு வேறு

முதலாவது பேரியாட்ரிக். இது இரைப்பையிலும் குடலிலும் செய்யப்படுவது. உதாரணமாக, இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு மீதியைக் குழல்போல ஆக்குவார்கள். பசி குறையும், சாப்பிடும் அளவு குறையும், மாதக் கணக்கில் எடை இறங்கும். மிக அதிக எடையோடு சர்க்கரை நோய் போன்ற தொல்லைகளும் உள்ளவர்களுக்கான மருத்துவம் இது.

இரண்டாவது லிப்போசக்ஷன். தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பைக் குழல் வைத்து உறிஞ்சுவது. இடுப்பு, தொடை, கை, தாடைக்குக் கீழே என்று குறிப்பிட்ட இடத்தின் வடிவத்தைத் திருத்த மட்டுமே இது பயன்படும்.

மூன்றாவது, பிரசவத்துக்குப் பிறகோ எடை வெகுவாகக் குறைந்த பிறகோ தொங்கிப்போன வயிற்றுத் தோலை வெட்டித் தைப்பது. தோல் தொங்கும் இடத்தில் கொழுப்பை மட்டும் உறிஞ்சினால், காற்றுப் போன பலூன்போல அது இன்னும் தொங்கும்.

ஒரு தையல்காரரிடம் சட்டையைக் கொடுத்தால் இடுப்பில் கொஞ்சம் பிடித்துக் கொடுப்பார். போட்டிருப்பவரின் எடையை அவரால் குறைக்க முடியாது. லிப்போசக்ஷனும் அந்த மாதிரியான வேலைதான். "வாங்க, எடையைக் குறைச்சுக்கிட்டுப் போங்க" என்று இதை விற்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள். அதை நம்பி வருகிறவர்கள் பணத்தையும் இழக்கிறார்கள், சில சமயம் அதைவிடப் பெரியதையும் இழக்கிறார்கள்.

எப்படி நடக்கிறது?

1920-களில் பிரான்சில் ஒரு மருத்துவர் நடனப் பெண் ஒருவரின் காலிலிருந்து கொழுப்பைச் சுரண்டி எடுக்க முயன்றார். கால் அழுகிப் போய், கடைசியில் அதையே துண்டிக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு ஐம்பது வருடம் யாரும் இந்தப் பக்கம் அதிகம் வரவில்லை. 1970-களில் இத்தாலியின் ஃபிஷர்களும், பிரான்சின் இவ் ஜெரார் இலூஸும் வெட்டாமல் சிறு துளை வழியாக உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார்கள். 1980-களின் நடுவில் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் கண்டுபிடித்த முறைதான் இதை ஓரளவு பாதுகாப்பான சிகிச்சையாக மாற்றியது.

அவர் செய்ததன் அடிப்படை உப்புத் தண்ணீர். ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு உள்ள சுத்தமான சலைன். (கடல் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் இருக்கும்.) அதில் மரத்துப் போக லிடோகெய்னும், ரத்தக் குழாய்களைச் சுருக்க அட்ரினலினும் மிகக் குறைந்த அளவில் கலப்பார்கள். இதைக் கொழுப்பு உள்ள இடத்தில் நிறையச் செலுத்தினால் அந்த இடம் உப்பி விறைத்து நிற்கும். பிறகு சில மில்லிமீட்டர் அளவே உள்ள துளை போட்டு, மழுங்கிய முனை கொண்ட எஃகுக் குழலை உள்ளே விட்டு, முன்னும் பின்னும் அசைத்து உறிஞ்சுவார்கள். முன்பு பாட்டில் கணக்கில் ரத்தம் போன இடத்தில் இப்போது மிகக் கொஞ்சமாகத்தான் போகிறது.

ஆனால் இங்கேயும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்த முறையில் செலுத்தும் லிடோகெய்ன் கொழுப்பிலிருந்து மெதுவாகத்தான் ரத்தத்தில் கலக்கிறது. அது உச்சத்தைத் தொட ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகலாம். காலையில் சிகிச்சை முடிந்து சாயங்காலம் சிரித்தபடி வீடு திரும்பியவருக்கு ராத்திரியில் நாக்கு மரத்துப் போவதோ, தலை சுற்றுவதோ, வலிப்பு வருவதோ ஏற்பட்டால் அளவு மீறியிருக்கலாம் என்று அர்த்தம். எடைக்கு ஏற்ற அளவைக் கணக்குப் போட்டுச் செலுத்துவதற்கு அனுபவமுள்ள மருத்துவர் தேவை என்பது இதனால்தான்.

எவ்வளவு எடுக்கலாம்?

உறிஞ்சியது மொத்தம் 5 லிட்டரைத் தாண்டினால் அது பெரிய அளவு என்று மருத்துவ உலகம் வகுத்திருக்கிறது. அப்படிப்பட்டவரை ஒரு ராத்திரியாவது மருத்துவமனையில் வைத்துக் கவனிக்க வேண்டும். அந்த 5 லிட்டரும் கொழுப்பு அல்ல, செலுத்திய திரவமும் அதில் சேர்ந்திருக்கும். ஒரு லிட்டர் கொழுப்பின் எடை சுமார் 900 கிராம். ஆகவே 3 லிட்டர் சுத்தக் கொழுப்பே வெளியே வந்தாலும் குறைவது 3 கிலோகூட இல்லை. 95 கிலோ உள்ளவர் 92 கிலோ ஆவார், அவ்வளவுதான்.

நம்மூர் ஆண்களின் தொப்பை விஷயம் இன்னும் வேறு. தொப்பையைக் கையால் கிள்ளிப் பார்த்தால் விரல்களுக்குள் அகப்படுவது தோலுக்கு அடியில் உள்ள கொழுப்பு. கிள்ளவே வராமல் பானைபோல இறுகி முன்னால் தள்ளியிருந்தால், கொழுப்பு வயிற்றுக்குள்ளே குடலைச் சுற்றி இருக்கிறது. அந்த இடத்துக்குக் குழல் போகாது, போகவும் கூடாது. சர்க்கரைக்கும் மாரடைப்புக்கும் வழி வகுப்பது பெரும்பாலும் இந்த உள் கொழுப்புதான். அது நடையாலும் உணவாலும்தான் கரையும்.

2004-ல் அமெரிக்காவில் 15 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. எல்லோரும் உடல் பருமன் உள்ளவர்கள், சிலருக்குச் சர்க்கரை நோயும் இருந்தது. சராசரியாக 10 கிலோ அளவுக்குக் கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். சில வாரங்கள் கழித்துப் பரிசோதித்தபோது ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால், இன்சுலின் வேலை செய்யும் திறன் எதுவுமே முன்னேறவில்லை. சாப்பாட்டைக் குறைத்து அதே 10 கிலோவை இறக்கியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். 2011-ல் வந்த இன்னொரு ஆய்வில், தொடையிலும் இடுப்பிலும் எடுத்த கொழுப்பு ஒரே வருடத்தில் உடம்பில் திரும்பச் சேர்ந்துவிட்டது தெரிந்தது. ஆனால் எடுத்த இடத்தில் அல்ல, வயிறு போன்ற வேறு இடங்களில். பழக்கம் மாறாதவருக்கு லிப்போசக்ஷன் கொழுப்பின் விலாசத்தைத்தான் மாற்றிக் கொடுக்கிறது.

யாருக்குப் பொருந்தும்?

இதனால் இந்தச் சிகிச்சையே வீண் என்று சொல்வது நியாயமல்ல. எடை சில மாதங்களாக நிலையாக இருந்து, தோல் இறுக்கமாக இருந்து, எவ்வளவு உடற்பயிற்சி செய்தாலும் ஒரே இடத்தில் மட்டும் கரையாத கொழுப்பு உள்ளவருக்கு இது நல்ல பலன் தரும். ஆண்களுக்கு மார்பு பெரிதாகும் கைனகோமாஸ்டியா என்ற நிலைக்கும் இது உதவுகிறது. கடற்கரையில் எல்லாப் பையன்களும் சட்டையைக் கழற்றிவிட்டு அலையில் குதிக்கும்போது ஒருவன் மட்டும் சட்டையோடு கரையில் உட்கார்ந்திருப்பான். அவன் வேதனை அவனுக்குத்தான் தெரியும். லிப்பெடிமா என்ற நோயில் கால்களில் வலியோடு சேரும் கொழுப்புக்கும் இது மருத்துவமாகவே பயன்படுகிறது. "அழகுக்காகக் கத்தி வைக்கலாமா?" என்று இவர்களிடம் போய் உபதேசம் செய்வது கொடுமை.

கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை, இதய நோய், ரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்கள், விடாமல் புகைப்பவர்கள் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். எந்தக் கண்ணாடியைப் பார்த்தாலும் தன் உடம்பில் குறை மட்டுமே தெரிகிறது என்பவருக்கு முதலில் தேவை மனநல ஆலோசனை.

பிறகு வரும் நாட்கள்

விளம்பரத்தில் இரண்டு புகைப்படங்கள் இருக்கும். முன்பு ஒன்று, பின்பு ஒன்று. அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள மாதங்களை யாரும் காட்டுவதில்லை.

முதல் ஓரிரு நாள் துளைகள் வழியே ரத்தம் கலந்த நீர் கசியும், படுக்கை நனையும். அன்றே எழுந்து மெதுவாக நடக்கச் சொல்வார்கள். கால் நரம்பில் ரத்தம் உறையாமல் இருக்க அது அவசியம். உடம்பு அடித்துப் போட்டதுபோல வலிக்கும். கருநீலத் திட்டுகள் மறைய இரண்டு வாரம் ஆகும். வீக்கத்தால் முதல் வாரங்களில் எடை குறைவதற்குப் பதில் கூடியதுபோலத் தோன்றும். "ஏமாந்துவிட்டோமோ" என்று மனம் உடைவது பெரும்பாலும் அப்போதுதான். இறுக்கமான உடை ஒன்றை நாலு முதல் ஆறு வாரம் இரவும் பகலும் போட்டிருக்க வேண்டும். சித்திரை வெயிலில், கடற்கரைப் புழுக்கத்தில் அது என்ன பாடு என்று யோசித்துக்கொள்ளலாம்.

உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு ஒரு வாரத்தில் திரும்பலாம். வலை இழுப்பவர், உப்புக் கூடை சுமப்பவர், மீன் கூடை தூக்குபவர் போன்றோருக்கு அது முடியாது. பளு தூக்கும் வேலைக்குக் குறைந்தது ஒரு மாதம் விடுப்பு வேண்டும். துளைகள் ஆறும்வரை கடலில் இறங்கக் கூடாது. தினக்கூலிக் குடும்பத்தில் சிகிச்சைச் செலவோடு இந்த ஒரு மாதக் கூலியையும் கூட்டித்தான் கணக்குப் போட வேண்டும். உண்மையான வடிவம் தெரிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அதன் பிறகும் மேடு பள்ளம், இரண்டு பக்கமும் சமமில்லாமை, மரத்த உணர்வு சிலருக்கு இருக்கத்தான் செய்யும்.

உயிருக்கு ஆபத்து உண்டா?

உண்டு. அரிது, ஆனால் உண்டு. 1994 முதல் 1998 வரை அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன்கள் செய்த ஏறக்குறைய 5 லட்சம் சிகிச்சைகளைக் கணக்கெடுத்தபோது 95 மரணங்கள் தெரியவந்தன. அதாவது சுமார் 5,000 பேருக்கு ஒருவர். நுரையீரல் ரத்தக் குழாயில் கட்டி அடைப்பதுதான் முதல் காரணம். குழல் குடலைத் துளைப்பது, கொழுப்புத் துகள் ரத்தத்தில் கலப்பது, கடுமையான தொற்று, மயக்க மருந்துக் கோளாறு ஆகியவையும் இருந்தன. அது பயிற்சி பெற்ற சர்ஜன்களின் கணக்கு. அதற்குப் பிறகு பாதுகாப்பு கூடியிருக்கிறது. ஆனால் பயிற்சி இல்லாத கைகளின் கணக்கை யாரும் எடுப்பதில்லை.

அமெரிக்கப் பாடகர் கான்யே வெஸ்டின் தாயார் டோண்டா வெஸ்ட், 2007-ல் லிப்போசக்ஷனும் வேறு சில அழகு அறுவைகளும் செய்துகொண்ட மறுநாள் இறந்தார். அதன் பிறகு கலிபோர்னியா மாநிலம், உடல் பரிசோதனை இல்லாமல் அழகு அறுவை செய்யக் கூடாது என்று 2009-ல் சட்டமே இயற்றியது. 2022 மே மாதம் பெங்களூரில் கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேத்தனா ராஜ், கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்குப் போய் 21 வயதில் இறந்தார். பெற்றோருக்குச் சொல்லாமல் போயிருந்தார் என்று செய்திகள் வந்தன. 2025-ல் திருவனந்தபுரத்தில் வயிற்றுக் கொழுப்பை நீக்கிக்கொண்ட 31 வயதுப் பெண் ஒருவர் அதன்பின் ஏற்பட்ட பாதிப்பில் ஒன்பது விரல்களை இழந்தார்.

கேட்க வேண்டிய கேள்விகள்

"எவ்வளவு ஆகும்?" என்பதுதான் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி. அது கடைசியாக வர வேண்டியது. அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இவை:

1. செய்யப் போகிறவர் யார்? பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். போன்ற மேற்படிப்பு முடித்தவரா? மருத்துவக் கவுன்சிலில் பதிவு இருக்கிறதா?

2. மயக்க மருந்து மருத்துவர் சிகிச்சை முடியும்வரை கூடவே இருப்பாரா?

3. அந்த இடம் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றதா? தீவிர சிகிச்சைப் பிரிவு அங்கேயே இருக்கிறதா? இல்லையென்றால் அவசரத்தில் எங்கே, எத்தனை நிமிடத்தில் கொண்டு போவார்கள்?

4. எத்தனை லிட்டர் எடுப்பார்கள்? ராத்திரி யாரைக் கூப்பிட வேண்டும்?

5. திரும்பச் சரி செய்ய வேண்டி வந்தால் அந்தச் செலவு யாருடையது?

இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடத்தில் ஒரு நிமிடம்கூட உட்காரக் கூடாது. மருத்துவக் காப்பீடு அழகு அறுவைக்குப் பணம் தராது. சாதாரண மருத்துவத்துக்கு உள்ள ஜி.எஸ்.டி. விலக்கும் இதற்குக் கிடையாது. மருத்துவர்கள் நோயாளிகளை விளம்பரம் செய்து அழைப்பது தவறு என்று 2002-ம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. "இன்று பதிவு செய்தால் பாதி விலை" என்று அழைப்பவர் எந்த ரகம் என்று இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

யார் குற்றவாளி?

புதுச்சேரி இளைஞரின் மரணத்தின்போது "சாப்பாட்டைக் குறைத்திருக்கலாமே" என்று எளிதாகச் சொன்னவர்கள் உண்டு. குண்டான பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் வைக்கிற பட்டப் பெயர், கல்யாண வீட்டில் "என்னம்மா, இப்படி ஊதிட்டே?" என்று கேட்கும் அத்தை, குண்டானவர் விழுந்தால் சிரிக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்த தமிழ் சினிமா நகைச்சுவை, இவற்றுக்கெல்லாம் பங்கு இல்லையா? வீட்டுக்குத் தெரியாமல் ஒரு பெண் சிகிச்சைக்குப் போகிறாள் என்றால், தன் வேதனையைச் சொல்ல வீட்டில் இடம் இல்லை என்றும் அதற்கு அர்த்தம் இருக்கலாம்.

பொம்மையார்பாளையத்திலிருந்து காலாப்பட்டு மருத்துவக் கல்லூரி கூப்பிடு தூரம். கோரிமேட்டில் உள்ள ஜிப்மரும் தொலைவில் இல்லை. மத்திய அரசின் அந்த மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரித் துறையே இருக்கிறது. சிகிச்சையை எங்கே செய்துகொண்டாலும், முதல் ஆலோசனையை விற்பனை நோக்கம் இல்லாத ஒரு மருத்துவரிடம் பெற்றுக்கொள்வது எளிது. ஒரு காலைப் பொழுதும் பேருந்துக் கட்டணமும்தான் செலவு. தைராய்டா, சர்க்கரையா, சாப்பாடா, தேவை எந்தச் சிகிச்சை, அல்லது எதுவுமே தேவையில்லையா என்று அங்கே தெரிந்துவிடும்.

அப்படி எல்லாம் தெரிந்துகொண்ட பிறகும் ஒருவர் தன் இடுப்பின் வடிவத்தைத் திருத்திக்கொள்ள விரும்பினால், அது அவர் உரிமை. வீட்டார் திட்டாமல் கூடப் போகட்டும். ஆனால் தையல்காரரிடம் வைத்தியம் கேட்டு யாரும் உயிரை விட வேண்டாம்!